நள்ளிரவுக்குப் பிறகு சிப்பாங்கிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் சித்தியின் மகன் கல்யாணத்துக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து கோலாலம்பூர் கிளம்பினேன். அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலி உண்டு. கல்யாணம் ஞாயிறு காலை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில். அதனால் மண்டபத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஹோட்டலில் மூன்று இரவுக்கு அறை போட்டிருந்தேன். கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும், நம்மை வந்து கூட்டிப் போகச் சொல்லி அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்பது அம்மாவின் முடிவு.

விமானம் மதியம் 3:10க்குக் கிளம்பி, மலேசிய நேரப்படி இரவு 9:40க்கு இறங்க வேண்டும். இறங்கியதும் விமான நிலையத்திலிருந்து போகும் கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் பிடித்தால் 33 நிமிடத்தில் நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து ஹோட்டல் கூப்பிடு தூரம். பத்தரை, பதினொன்றுக்குள் அம்மா படுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

திருச்சியிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது. அந்த ஜூனில்தான் புழக்கத்துக்கு வந்த புதிய முனையம். உட்கார நல்ல இடம் இருந்தது, அம்மாவுக்குச் சிரமம் இல்லை. அந்த மூன்று மணி நேரத்தில் சித்திக்கு போன் செய்தேன், தம்பிக்குச் செய்தேன், வீட்டுக்குச் செய்தேன். ஹோட்டலுக்கு மட்டும் செய்யவில்லை. அன்றைய இரவில் எங்களுக்கு வந்த தொல்லை எல்லாம் அந்த ஒரு போன் செய்யாததால் வந்ததுதான்.

நள்ளிரவு 12:50க்குக் கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் இறங்கினோம். பழைய பெயர் கேஎல்ஐஏ 2. இப்போது டெர்மினல் 2 என்றுதான் பலகைகளில் இருக்கிறது. முன்பே போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நடை அதிகம். தனியாக நிற்கும் கட்டடத்திலிருந்து ஒரு நீண்ட பாலம் ஏறி, கடந்து, இறங்கிய பிறகுதான் குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசையே வருகிறது. நகரும் நடைபாதை இருக்கிறது, ஆனாலும் அம்மா இரண்டு இடத்தில் நின்று நின்றுதான் வந்தார். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டு வைத்திருக்க வேண்டும். அது இல்லாத கஷ்டம் பாலத்தின் நடுவில்தான் எனக்குத் தெரிந்தது.

குடிநுழைவில் பிரச்சினை இல்லை. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். எங்கள் வரிசையில் இருவர் அதை நிரப்பாமல் வந்து, ஓரமாக நின்று வைஃபை தேடிக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவில் அதற்குப் போகும் இருபது நிமிடம் பெரிய நஷ்டம்.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது என் போனில் மணி 11:20. ரயிலுக்கு நேரம் இருக்கிறது என்று அம்மாவை மெதுவாகவே நடத்திக் கூட்டிப் போனேன். ரயில் நிலைய நுழைவு அடைத்திருந்தது. எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தில் 1:50. போனில் மலேசிய நெட்வொர்க் இன்னும் கிடைக்கவில்லை, அதனால் அது திருச்சி நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். விமானத்திலிருந்து இறங்கும் முன்பே போன் கடிகாரத்தைக் கையால் மாற்றிவிடுங்கள். களைத்துப் போயிருக்கும்போது மனம் இந்தக் கூட்டலைச் செய்வதில்லை.

அந்த ரயில் விடிய விடிய ஓடுவதில்லை. நள்ளிரவை ஒட்டி நின்றுவிட்டு மறுபடியும் விடிகாலை ஐந்து மணி வாக்கில்தான் தொடங்கும். இடைப்பட்ட நேரத்தில் இறங்குகிறவர்களுக்கு இருக்கும் வழிகள் மூன்று: பஸ், கூப்பன் டாக்ஸி, நம் ஊர் ஓலா, ஊபர் மாதிரி செயலியில் கூப்பிடும் கிராப் கார்.

பஸ் மலிவு. ரயிலுக்கு ஒருவருக்கு 55 ரிங்கிட் என்றால் பஸ்ஸுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகாது. நள்ளிரவுக்குப் பிறகும் கேஎல் சென்ட்ரலுக்கு பஸ் உண்டு. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீளும். பயணம் ஒரு மணி நேரம். அதன் பிறகு ஆள் இல்லாத நேரத்தில் கேஎல் சென்ட்ரலின் கீழ்த்தளத்தில் இறங்கிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். நான் தனியாக, ஒரு முதுகுப்பையோடு போயிருந்தால் பஸ்ஸில்தான் போயிருப்பேன். அம்மாவோடு முடியாது.

கூப்பன் டாக்ஸிக்கு வருகைக் கூடத்திலேயே கவுண்டர் இருக்கிறது. போகும் இடத்தைச் சொன்னால் தொகையைச் சொல்வார்கள். பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் நின்றால் போதும். ஏமாற்று இல்லை. ஆனால் இரவு 12 முதல் காலை 6 வரை ஐம்பது சதவீதம் கூடுதல் கட்டணம். போனில் இணையம் இல்லாதவர்களுக்கும், செயலி எல்லாம் பழக்கமில்லாத பெரியவர்களுக்கும் அதுவே சரியான வழி. கூடுதல் பணம் கொடுத்தாலும் நிம்மதி இருக்கும்.

அங்கே நின்று யோசித்துக்கொண்டிருந்தபோதே ஒருவர் பக்கத்தில் வந்தார். "அண்ணே, எங்க போறீங்க? பிரிக்பீல்ட்ஸா? வாங்க, அம்மாவ பாத்து கூட்டிட்டு போறேன்" என்று நல்ல தமிழில் கூப்பிட்டார். நள்ளிரவில், வேற்று நாட்டில், நம் மொழி காதில் விழுந்தால் மனம் சட்டென்று இளகிவிடுகிறது. அம்மா பெட்டியைக் கொடுக்கக் கையை நீட்டிவிட்டார். எவ்வளவு என்று கேட்டேன். 180 ரிங்கிட் என்றார். எங்கே சீட்டு தருவீர்கள் என்றேன். சீட்டெல்லாம் வேண்டாம், நேரே வண்டிக்குப் போகலாம் என்றார். "வேண்டாங்கண்ணே, வண்டி சொல்லியாச்சு" என்று சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். அவரும் விட்டுவிட்டார். கடுமையாகப் பேச வேண்டியதே இல்லை. வண்டி சொல்லியாச்சு என்ற ஒரு வார்த்தை போதும்.

கிராப்பில் போட்டால் எங்களுக்கு 80 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல் காட்டியது. சுங்கச் சாவடிக் கட்டணம் தனி. இதில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். இரண்டு பேர் ரயிலில் போனால் 110 ரிங்கிட். கிராப்பில் சுங்கத்தோடு சேர்த்தாலும் அதற்குள்தான் வந்தது, அதுவும் ஹோட்டல் வாசல் வரை. இதை முன்பே யோசித்திருந்தால் ரயில் போய்விட்டதே என்று அந்த அரை மணி நேரம் தவித்திருக்க மாட்டேன். ரயில் வேகமானது, சாலை நெரிசலில் சிக்காது. தனியாகப் போகிறவருக்கும், மாலை நெரிசல் நேரத்தில் இறங்குகிறவருக்கும் அது நல்லது. நடுராத்திரியில் சாலை காலியாகக் கிடக்கும்போது, இரண்டு பேர் இருந்தாலே கார்தான் லாபம்.

ஆனால் கிராப்பை இந்தியாவிலேயே தயார் செய்து வைத்திருந்ததால்தான் அது நடந்தது. செயலியை இறக்கி, நம் எண்ணுக்கு வரும் ஓடிபியை ஊரில் இருக்கும்போதே போட்டுப் பதிவு செய்துவிட வேண்டும். அங்கே போய் புது சிம் போட்ட பிறகு, பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியை எங்கே பார்ப்பது? கார்டு இணைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, ரொக்கமாகக் கொடுக்கலாம். அதற்கு ரிங்கிட் வேண்டும். நம் வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலிக்குள் போய் அதை நாமே திறந்து விட வேண்டும். நான் அதைத் திறந்து வைத்திருந்தேன். வருகைக் கூடத்து ஏடிஎம்மில் 400 ரிங்கிட் எடுத்தேன். அந்த ரொக்கம் அன்றிரவு எவ்வளவு தேவைப்பட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

விமான நிலைய வைஃபை இலவசம், கூடத்துக்குள் நன்றாகவே கிடைத்தது. ஆனால் கார் வந்து நிற்கும் இடம் ஒரு தளம் கீழே. அங்கே வைஃபை விட்டு விட்டுத்தான் வந்தது. ஓட்டுநர் எந்தக் கதவில் நிற்கிறார் என்று கேட்டு அனுப்பிய செய்திக்குப் பதில் போடவே சிரமப்பட்டேன். மேலே கூடத்திலேயே ஒரு சிம் வாங்கிப் போட்டுவிட்டுக் கீழே இறங்குவது நல்லது. வண்டியைக் கூப்பிடுவதும் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகு செய்யுங்கள். பெரியவர்களை வைத்துக்கொண்டு ஓட முடியாது. ஓட்டுநரும் அங்கே நெடுநேரம் நிற்க முடியாது.

பலகைகளைப் படிப்பது அம்மாவுக்குச் சிரமமாகவே இல்லை. பஸ்ஸுக்கு 'பாஸ்' என்றும் டாக்ஸிக்குத் 'தெக்சி' என்றும் ஆங்கில எழுத்தில் மலாய் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார். ஒரு கடையின் மேல் 'கெடாய்' என்றிருந்ததைக் காட்டி என்னவென்று கேட்டார். நம் கடைதான் அங்கே கெடாய் ஆகியிருக்கிறது என்றேன். கப்பலும் அப்படித்தான், காப்பால். 'கெலுவார்' என்றால் வெளியேறும் வழி. அந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு போங்கள், உதவும்.

வந்தவர் வயதான மலாய்க்காரர். பதிவெண்ணைச் செயலியில் பார்த்துச் சரிபார்த்த பிறகு ஏறினோம். அம்மாவை "மக்சிக்" என்று கூப்பிட்டார். அத்தை, பெரியம்மா மாதிரியான ஒரு சொல். ஏசி போதுமா, குறைக்கட்டுமா என்று சைகையில் கேட்டுக் குறைத்தார். விமான நிலையம் சிப்பாங்கில் இருக்கிறது, ஊரிலிருந்து 60 கிலோமீட்டர் பக்கம். விளக்கு வெளிச்சம் முடிந்த இடத்திலிருந்து இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவருடைய சித்தப்பா லால்குடிப் பக்கத்திலிருந்து இங்கே ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்ட வந்தவர். "இந்த இருட்டுலதான் தலையில விளக்கக் கட்டிக்கிட்டுப் போவாங்களாம்ப்பா" என்று மட்டும் சொன்னார்.

முக்கால் மணி நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ். மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. துன் சம்பந்தன் சாலையின் வளைவுகளில் மட்டும் விளக்கு. பூக்கடைகள், துணிக்கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. ஓட்டுநர் எங்களை இறக்கிவிட்டு, ஹோட்டலின் கண்ணாடிக் கதவு திறக்கும்வரை வண்டியைக் கிளப்பாமல் நின்றார். நான் கேட்காமலேயே நின்றார். அந்த மனிதரை மறக்க முடியாது. கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு அழைப்பு மணி. மூன்றாவது தடவை அழுத்திய பிறகு ஒரு பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்தான். நேபாளத்துப் பையன், இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும்.

பதிவு எண்ணைக் காட்டினேன். கணினியில் பார்த்தான். திரும்பப் பார்த்தான். பிறகு திரையை என் பக்கம் திருப்பினான். என் பெயருக்கு எதிரே, வரவில்லை என்று குறித்திருந்தது. நள்ளிரவு 12 மணிக்கு அன்றைய கணக்கை முடித்துவிடுவார்களாம். வராதவர்களின் அறையை அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். நான் எடுத்திருந்தது 'பணத்தை ஹோட்டலில் கட்டலாம்' என்ற வகை. முன்பணம் இல்லை, கார்டு விவரம் இல்லை. அவர்கள் எனக்காகக் காத்திருக்க எந்தப் பிடிமானமும் இல்லை. முதல் இரவுக்கு வராததால் மீதி இரண்டு இரவும் சேர்ந்து ரத்தாகியிருந்தது.

அம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பையன் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அவன் வைத்த முறை இல்லை அது. விமானத் தாமதத்தைக் காட்டும் செய்தியைப் போனில் எடுத்துக் காட்டினேன். அம்மாவைக் காட்டினேன். அவன் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுவந்து அம்மா பக்கத்தில் வைத்தான். பிறகு யாருக்கோ போன் செய்தான். பத்து நிமிடம் கழித்து, நாலாவது மாடியில் ஓர் அறை இருக்கிறது, ஜன்னல் கிடையாது, 30 ரிங்கிட் கூட ஆகும் என்றான். சரி என்றேன். கோலாலம்பூரின் சிக்கன ஹோட்டல்களில் ஜன்னல் இல்லாத அறைகள் நிறைய உண்டு. பதிவு செய்யும்போதே அதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மூச்சு முட்டும் தொந்தரவு உள்ளவர்கள் கவனித்துப் போட வேண்டும்.

பணத்துக்கு வந்தோம். அறை வாடகை ஒரு பக்கம். வெளிநாட்டவர் என்றால் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, அது இணையத்தில் காட்டிய விலையில் சேரவில்லை. சாவிக்கு 50 ரிங்கிட் முன்பணம், காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும். கார்டு இயந்திரம் அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை. விமான நிலையத்தில் எடுத்திருந்த ரொக்கம் அப்போதுதான் கை கொடுத்தது. அது இல்லாமல் இருந்தால், மூன்று மணிக்கு அம்மாவை அங்கே உட்கார வைத்துவிட்டு நான் ஏடிஎம் தேடித் தெருவில் இறங்கியிருக்க வேண்டும்.

அறைக்குள் போனபோது 3:40. திருச்சியில் ஒன்று பத்து. அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. பசிக்கிறது என்றார். அதற்குப் பிரிக்பீல்ட்ஸில் கவலை இல்லை. விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடை, அதாவது அங்குள்ள தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை ஒன்று, பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் இரண்டும், தே தாரிக் என்ற ஆற்றிய பால் டீயும் வாங்கி வந்து அறையில் வைத்துச் சாப்பிட்டோம். அந்தப் பையனுக்கும் ஒரு டீ வாங்கிப்போய்க் கொடுத்தேன்.

இவ்வளவையும் ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்றால், நள்ளிரவில் இறங்குவதைப் பற்றி யாரைக் கேட்டாலும் டாக்ஸி பற்றித்தான் சொல்கிறார்கள். வண்டி எப்படியும் கிடைத்துவிடுகிறது. அறைதான் கிடைக்காமல் போகிறது. விமானம் 9:40க்கு என்றாலும்கூட, 'தாமதமானால் நள்ளிரவுக்குப் பிறகு வருவோம், அறையை வைத்திருங்கள்' என்று விமான எண்ணோடு ஹோட்டலுக்கு எழுதிவிட வேண்டும். பதிவு செய்த செயலிக்குள் எழுதினால் மட்டும் போதாது. இரவுப் பணியில் இருக்கிற ஆள் அதைப் பார்ப்பதில்லை. அங்கே பெரும்பாலான சிறு ஹோட்டல்களுக்கு வாட்ஸ்அப் எண் உண்டு. அதில் எழுதி, வந்த பதிலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் மேசையில் ஆள் இருப்பாரா, கதவைப் பூட்டுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். இரவில் இறங்குகிற நாளுக்கு மட்டுமாவது முன்கூட்டியே பணம் கட்டுகிற வகையில் எடுங்கள், பத்து, இருபது ரிங்கிட் கூட ஆனாலும் பரவாயில்லை.

தேதி விஷயம் இன்னொன்று. விமானம் 24ஆம் தேதி அதிகாலை ஒன்றரைக்கு இறங்குகிறது என்று டிக்கெட்டில் இருந்தால், நமக்கு வேண்டியது 23ஆம் தேதி இரவின் அறை. 24க்குப் போட்டால் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் சாவி. கல்யாணத்தில் சந்தித்த மதுரைக்காரர் குடும்பம் இப்படித்தான் தேதியை மாற்றிப் போட்டுவிட்டு, கைக்குழந்தையோடு விடியும்வரை ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார்களாம்.

அதே சமயம் எல்லா அதிகாலை விமானத்துக்கும் முந்தின இரவு வாடகை கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு இப்போது ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று மணிக்குள் வெளியே வந்துவிட்டால் முந்தின இரவு அறை, காரில் நேரே ஹோட்டல். நாலு மணிக்கு மேல் என்றால் விமான நிலையத்திலேயே இருந்து, பல் தேய்த்து, சாப்பிட்டுவிட்டு முதல் ரயிலிலோ காரிலோ போய் ஹோட்டலில் பெட்டியை மட்டும் வைத்துவிட்டுக் கோயிலுக்கோ ஊர் பார்க்கவோ கிளம்பிவிடலாம். பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ள எந்த ஹோட்டலும் எனக்கு மறுத்ததில்லை. பெரியவர்கள் படுத்தே ஆகவேண்டும் என்றால் இரண்டாம் முனையத்தை ஒட்டிய வணிக வளாகத்திலேயே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கேப்ஸ்யூல் அறைகள் இருக்கின்றன. மூன்று மணி நேரம், ஆறு மணி நேரம் என்று எடுக்கலாம். ஆனால் மேல் படுக்கை ஏணி ஏறிப் போவது. முழங்கால் வலிக்காரருக்குக் கீழ்ப் படுக்கைதான் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் தைப்பூசத்துக்கு மறுபடியும் அம்மாவோடு போனேன். பத்துமலைக்குக் கேஎல் சென்ட்ரலிலிருந்தே கேடிஎம் ரயில் இருப்பதால் பிரிக்பீல்ட்ஸ்தான் வசதி. அந்த வாரம் ஹோட்டல்கள் நிரம்பி வழியும் என்பதால் வேறொரு ஹோட்டலில் இரண்டு மாதம் முன்பே பணம் கட்டிவிட்டேன். இந்த முறை விமானமே நள்ளிரவு தாண்டித்தான் இறங்கியது. திருச்சியில் ஏறும் முன் வாட்ஸ்அப்பில் எழுதினேன், சரி என்று பதில் வந்தது. சக்கர நாற்காலி வாசலில் காத்திருந்தது. போனில் கடிகாரத்தை விமானத்திலேயே மாற்றிக்கொண்டேன். கீழ்த்தளக் கதவுக்கு வந்து நின்ற பிறகு வண்டியைக் கூப்பிட்டேன்.

ஹோட்டல் கதவு திறந்திருந்தது. மேசையில் இருந்த பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து, இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். உறையின் மேல் அம்மாவின் பெயரும் அறை எண்ணும் எழுதியிருந்தது. முதல் மாடி. ஜன்னல் உண்டு.